பாடம் 9: வீடு எழும்பும்வரை காத்திருக்க வேண்டாம் – விசேட தேவையுள்ள பிள்ளையின் பாடசாலைக் கல்வி

இந்தப் பாடத்தில் நீங்கள் அறிந்துகொள்ளப்போவது:

• மாற்றுத்திறனுள்ள பிள்ளையின் பாடசாலைப் பதிவை ஏன் தள்ளிப்போடக் கூடாது
• பிள்ளைக்குள்ள சிரமத்தை எப்படி இனங்காண்பது, யாரிடம் காட்டுவது
• எந்தெந்த இடங்களில் படிக்கலாம், எப்படிச் சேர்ப்பது
• பாடசாலை தயங்கினால் என்ன செய்வது
• வீட்டிலேயே இன்று தொடங்கக்கூடியவை

1. ஏன் இப்போதே?

ஊருக்குத் திரும்பிய முதல் மாதங்களில் ஒரு குடும்பத்துக்கு வேலை குவிந்து கிடக்கும். பற்றை வெட்டிக் காணியைத் துப்புரவாக்க வேண்டும். கிணற்றை இறைக்க வேண்டும். தறப்பாளை மாற்றித் தகரம் போட வேண்டும். கிராம அலுவலரிடம் பதிவு, வீட்டுத்திட்டப் பட்டியல் என்று அலைந்தே நாட்கள் போய்விடும். இவற்றுக்கு நடுவில், நடக்கவோ பார்க்கவோ கேட்கவோ விளங்கிக்கொள்ளவோ சிரமப்படும் ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால், அந்தப் பிள்ளையின் படிப்பைப் பற்றிப் பல பெற்றோர் சொல்வது இதுதான்: "முதலில் வீடு ஒன்று எழும்பட்டும், பிறகு பார்ப்போம்."

அக்கறை இல்லாமல் யாரும் இப்படிச் சொல்வதில்லை. கையில் உள்ள காசும் நேரமும் அவ்வளவுதான். ஆனால் இந்த வருடம் கட்டாத வீட்டை அடுத்த வருடம் கட்டலாம். பிள்ளையின் சில வருடங்களை அப்படித் திரும்பப் பெற முடியாது. காது கேளாத பிள்ளை பேச்சையோ சைகை மொழியையோ இலகுவாகப் பழகுவது சிறு வயதில்தான். ஒரு கண் மட்டும் பார்வை குன்றிய பிள்ளைக்கு ஏழு, எட்டு வயதுக்கு முன் சிகிச்சை தொடங்கினால் பலன் அதிகம். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளையின் கைகால்களுக்கு உரிய பயிற்சி கொடுக்காமல் விட்டால், மூட்டுகள் இறுகி, பிறகு நிமிர்த்துவது கடினமாகிவிடும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அப்பா கூலி வேலைக்கும் அம்மா தோட்டத்துக்கும் போனால், வீட்டில் இருக்கும் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது யார்? பெரும்பாலும் அக்காதான். "இன்றைக்கு மட்டும் நில்" என்பது வாரத்தில் இரண்டு நாளாகி, பிறகு அவளுடைய படிப்பும் நின்றுவிடும். ஒரு பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பாத வீட்டில் இரண்டு பிள்ளைகள் படிப்பை இழக்கக்கூடும்.

ஆகவே இந்தப் பாடம் சொல்வது ஒன்றே: அத்திவாரம் வெட்டும் அதே நாட்களில் பிள்ளையின் பெயரும் பாடசாலை இடாப்பில் ஏறட்டும்.

2. சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது

பிள்ளையைச் சேர்க்கும்படி கேட்கும்போது நீங்கள் யாரிடமும் தயவு கேட்கவில்லை. இலங்கையில் 1945 முதல் அரசாங்கப் பாடசாலைக் கல்வி இலவசம். பிள்ளைகள் பாடசாலைக்குச் செல்வதைக் கட்டாயமாக்கும் விதி 1998 முதல் 5 வயது தொடக்கம் 14 வயது வரைக்கும் நடைமுறைக்கு வந்தது. 2016இல் அந்த வயதெல்லை 16 ஆக உயர்த்தப்பட்டது.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கான 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. எந்தக் கல்வி நிறுவனத்திலும், ஒருவருக்குள்ள இயலாமையைக் காரணமாகக் காட்டி அனுமதியில் பாகுபாடு காட்டக் கூடாது என்று அது சொல்கிறது. 2006இல் வெளியான ஒழுங்குவிதிகள், பொதுக் கட்டடங்களுக்குள் மாற்றுத்திறனாளிகள் சிரமமின்றிச் சென்றுவர வசதி செய்யப்பட வேண்டும் என்கின்றன. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகளின் சமவாயத்தையும் இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்றுக்கொண்டுள்ளது. அதன் 24ஆம் உறுப்புரை கல்வி பற்றியது.

இந்த இலக்கங்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. "1996ஆம் ஆண்டுச் சட்டம் 28" என்பதை மட்டும் ஒரு தாளில் எழுதி, பிள்ளையின் கோவைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

3. பிள்ளைக்குள்ள சிரமம் என்ன?

இடம்பெயர்ந்த குடும்பங்களில் இந்தக் கேள்விக்கு விடை காண்பது சற்றுக் கடினம். ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்றுக்கு இன்னும் வாசிக்கத் தெரியாது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு நான்கு வேறுபட்ட காரணங்கள் இருக்கலாம்.

முதலாவது, படிப்பு விடுபட்டிருக்கலாம். முகாம் விட்டு முகாம் மாறிய பிள்ளைக்குத் தரம் 1, தரம் 2 பாடங்கள் ஒழுங்காகக் கிடைத்திருக்காது. இந்தப் பிள்ளைக்குத் தேவை பரிகாரக் கற்பித்தல். சில மாதங்களில் முன்னேற்றம் தெரியும்.

இரண்டாவது, கேட்டலிலோ பார்வையிலோ குறைபாடு இருக்கலாம். செல் விழுந்து வெடித்த இடத்துக்கு அருகில் இருந்த பிள்ளையின் செவிப்பறை கிழிந்திருக்கலாம். அப்படிப்பட்ட பிள்ளை வகுப்பில் பேசாமல் இருக்கும். அதைக் "கவனமில்லாத பிள்ளை" என்று நினைத்துவிடுவோம்.

மூன்றாவது, மனதில் காயம் இருக்கலாம். பயங்கரமானவற்றைக் கண்ட பிள்ளை பேச்சைக் குறைத்துக்கொள்ளும். இரவில் திடுக்கிட்டு எழும்பும். படுக்கையில் சிறுநீர் கழிக்கும். பாடத்தில் மனம் நிற்காது. பாதுகாப்பான சூழலும் உளநல உதவியும் கிடைத்தால் பல பிள்ளைகள் தேறிவிடுகிறார்கள்.

நான்காவது, கற்றலிலேயே சிரமம் இருக்கலாம். எழுத்துகளைப் பிரித்தறிவதிலோ, சொன்னதை நினைவில் வைத்திருப்பதிலோ, புதியதை விளங்கிக்கொள்வதிலோ மற்றப் பிள்ளைகளைவிட அதிக நேரம் தேவைப்படும். இது பிள்ளையின் சோம்பலால் வருவதல்ல.

இந்த நான்கில் எது என்று பெற்றோர் தாமாக முடிவு செய்யக் கூடாது. உங்களால் செய்யக்கூடியது, கண்டதைக் குறித்து வைத்து உரியவர்களிடம் சொல்வது. பின்வருவனவற்றை ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள்.

பார்வை: புத்தகத்தை முகத்துக்கு மிக அருகில் பிடித்தல், மங்கல் வெளிச்சத்தில் தடக்குதல், ஒரு கண்ணை மூடிப் பார்த்தல், கண்கள் ஒரே திசையில் பாராதிருத்தல்.

கேட்டல்: பின்னால் இருந்து கூப்பிட்டால் திரும்பாமை, பேசுபவரின் வாயையே பார்த்தல், வானொலியை மிகச் சத்தமாக வைத்தல், காதில் சீழ் வடிதல். சீழ் வடியும் காதுக்குள் எண்ணெயோ இலைச்சாறோ விட வேண்டாம்.

உடல்: நிற்க, நடக்க, கரண்டி அல்லது பென்சில் பிடிக்கச் சிரமம், உடலின் ஒரு பக்கத்தை மட்டும் பயன்படுத்தல், உடம்பு விறைத்திருத்தல் அல்லது தளர்ந்திருத்தல்.

பேச்சும் பழக்கமும்: வயதுக்கேற்ற பேச்சு இல்லாமை, கண்ணுக்குக் கண் பாராமை, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல், சிறு மாற்றத்துக்கும் மிகவும் குழம்புதல்.

விளங்கிக்கொள்ளல்: இரண்டு வேலைகளைச் சேர்த்துச் சொன்னால் ஒன்றை மறந்துவிடுதல், தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு மட்டும் விளையாடல்.

வலிப்பு: திடீரென விழுந்து கைகால் வெட்டுதல், அல்லது சில விநாடிகள் வெறித்துப் பார்த்துக்கொண்டு நிற்றல். வலிப்பு வந்தால் பிள்ளையை ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். வாய்க்குள் எதையும் வைக்க வேண்டாம். கையில் இரும்புத் திறப்புக் கொடுப்பதால் வலிப்பு நிற்காது. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

கண்டவற்றை முதலில் உங்கள் கிராமத்துக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். அவர் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அனுப்பி வைப்பார். அங்கிருந்து மாவட்டப் பொது வைத்தியசாலையின் கண், காது, சிறுவர் நோய், உளநலச் சிகிச்சைப் பிரிவுகளுக்குக் கடிதம் தருவார்கள். அரசாங்க வைத்தியசாலையில் இவற்றுக்குக் கட்டணம் இல்லை. வைத்தியர் தரும் ஒவ்வொரு துண்டையும் பத்திரப்படுத்துங்கள். பாடசாலை அனுமதிக்கும் பரீட்சைச் சலுகைக்கும் உதவித்தொகைக்கும் அவை தேவைப்படும்.

கால் இழந்த பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு குறிப்பு: வளரும் பிள்ளைக்குச் செயற்கைக் கால் விரைவில் சிறிதாகிவிடும். ஏறக்குறைய ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்கு ஒருமுறை அதைப் பரிசோதித்துச் சரிசெய்ய வேண்டும். பொருந்தாத காலைப் போட்டால் புண் வரும். புண் வந்தால் பிள்ளை நடக்க மறுக்கும், பாடசாலையும் நின்றுவிடும். யாழ்ப்பாணத்திலுள்ள ஜெய்ப்பூர் நிலையம் போன்ற இடங்களில் செயற்கை அவயவங்கள் செய்து பொருத்துகிறார்கள். முகாமில் இருந்தபோது பொருத்திய காலை அப்படியே விட்டுவிடாமல், திரும்பி வந்த உடனேயே ஒரு தடவை காட்டுங்கள்.

4. எங்கே படிக்கலாம்?

மூன்று வழிகள் உண்டு. பிள்ளை வளர வளர ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறவும் முடியும்.

சாதாரண வகுப்பு. பல பிள்ளைகளுக்கு இதுவே போதும். மூக்குக்கண்ணாடி, முன்வரிசை இருக்கை, கீழ்த்தளத்தில் வகுப்பறை, எழுதி முடிக்கச் சற்றுக் கூடுதல் நேரம் போன்ற சிறு ஒழுங்குகளோடு மற்றப் பிள்ளைகளுடன் சேர்ந்தே படிக்கலாம். இதை உட்படுத்தல் கல்வி என்பார்கள். அயல் வீட்டுப் பிள்ளைகளுடன் ஒன்றாகப் போய்வருவது பிள்ளைக்குப் பெரிய பலம்.

விசேட கல்வி அலகு. சில அரசாங்கப் பாடசாலைகளுக்குள் இது தனி வகுப்பாக இயங்குகிறது. பயிற்சி பெற்ற ஆசிரியர் சிறு எண்ணிக்கையான பிள்ளைகளுக்கு அவரவர் வேகத்தில் கற்பிப்பார். தேர்ச்சி பெற்ற பிள்ளை சாதாரண வகுப்புக்கு மாறலாம். விளையாட்டு, காலைப் பிரார்த்தனை, இடைவேளை எல்லாம் மற்றப் பிள்ளைகளுடன்தான். எந்தப் பாடசாலையில் அலகு உள்ளது என்பதை வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பான அதிகாரியிடம் கேட்டறியலாம்.

விசேட பாடசாலை அல்லது இல்லம். முழுமையாகப் பார்வையோ கேட்டலோ இல்லாத பிள்ளைகளுக்கும், கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளுக்கும் உரியது. வடக்கில் கைதடி நவீல்ட் பாடசாலை செவிப்புலன், விழிப்புலன் இழந்த பிள்ளைகளுக்காக இயங்குகிறது. சுன்னாகம் வாழ்வகம் விழிப்புலனற்ற பிள்ளைகளுக்கான இல்லம். கோண்டாவில் சிவபூமி பாடசாலை அறிவுத்திறன் வளர்ச்சியில் சிரமமுள்ள பிள்ளைகளுக்கானது. பிறெயில் எழுத்து, சைகை மொழி போன்றவற்றைச் சாதாரண பாடசாலையில் கற்பது கடினம். அவற்றைக் கற்க இத்தகைய இடம் உதவும்.

தங்கிப் படிக்க விடுவது இலகுவான முடிவு அல்ல. ஒருமுறை பிரிந்து, தேடிக் கண்டுபிடித்துச் சேர்ந்த குடும்பங்களுக்கு அது இன்னும் கடினம். அவசரப்படாமல் முதலில் பிள்ளையுடன் நேரில் போய்ப் பாருங்கள். தங்குமிடத்தையும் மலசலகூடத்தையும் பாருங்கள். இரவில் யார் பொறுப்பு, எத்தனை வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு விடுவார்கள், தொலைபேசியில் பேசலாமா என்று கேளுங்கள். பிள்ளையின் விருப்பத்தையும் கேளுங்கள்.

5. சேர்ப்பதற்கான படிகள்

படி 1: கிராம அலுவலரிடம் குடும்பத்தைப் பதியும்போதே பிள்ளையின் சிரமத்தையும் பதியச் சொல்லுங்கள். சில பெற்றோர் வெட்கத்தினால் இதைச் சொல்லாமல் விடுகிறார்கள். பதிவில் இல்லாத பிள்ளைக்கு உதவித் திட்டங்களில் இடம் ஒதுக்க மாட்டார்கள்.

படி 2: ஆவணங்களைச் சேருங்கள். பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி விபரமுள்ள பிள்ளை சுகாதார விருத்திப் பதிவேடு, முன்பு படித்த பாடசாலையின் விடுகைப் பத்திரம், வதிவிடத்தை உறுதிப்படுத்தும் கிராம அலுவலர் கடிதம், வைத்திய அறிக்கைகள் ஆகியவை தேவை. பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருந்தால், பிறப்பைப் பதிந்த பிரதேசத்தின் பிரதேச செயலகத்தில் பிரதி பெறலாம். பிறப்பு பதியப்படவே இல்லை என்றால், காலங்கடந்த பதிவுக்கு அங்கேயே மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பியுங்கள். தமிழ்நாட்டு முகாமில் பிறந்த பிள்ளையானால், அங்கு பெற்ற பிறப்புச் சான்றிதழையும் சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர் ஸ்தானிகராலயத்தின் பதிவுப் பத்திரங்களையும் காட்டி, பிரதேச செயலகத்தில் ஆலோசனை பெறுங்கள்.

படி 3: ஆவணம் முழுமையாகச் சேரும்வரை நிற்க வேண்டாம். இருப்பதை எடுத்துக்கொண்டு கிட்டிய பாடசாலை அதிபரைச் சந்தியுங்கள். எவை குறைவு, எதற்கு விண்ணப்பித்திருக்கிறீர்கள் என்று சொல்லி, விண்ணப்பப் பற்றுச்சீட்டைக் காட்டுங்கள். பிள்ளையையும் கூட்டிச் செல்லுங்கள்.

படி 4: பிள்ளையால் முடியாதவற்றோடு முடிபவற்றையும் சொல்லுங்கள். "இவனுக்கு ஒன்றும் விளங்காது" என்று பெற்றோரே ஆரம்பித்தால் ஆசிரியர் என்ன செய்வார்? "பேச்சுக் குறைவு, ஆனால் காசு எண்ணுவான், கோழிக்குத் தீன் போடுவான், படம் பார்த்துச் சொன்னால் பிடித்துக்கொள்வான்" என்று சொன்னால், எங்கிருந்து தொடங்கலாம் என்று ஆசிரியருக்குத் தெரியும்.

படி 5: முதல் மாதம் முடிந்ததும் வகுப்பாசிரியரை மறுபடி சந்தியுங்கள். இருக்கை சரியா, நண்பர்கள் கிடைத்தார்களா, மலசலகூடம் போக முடிகிறதா என்று பேசுங்கள்.

தரம் 1 அனுமதிக்கு, ஜனவரி 31ஆம் திகதிக்கு ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும். வயது கூடிய பிள்ளையை, "இவ்வளவு வளர்ந்துவிட்டான், இனி எப்படி?" என்று விட்டுவிட வேண்டாம். எந்த வகுப்பு பொருத்தம் என்பதை அதிபரும் வலயக் கல்வி அலுவலகமும் தீர்மானிக்கலாம். வருட நடுவில் வந்த குடும்பங்களும் அடுத்த ஜனவரிவரை காத்திராமல் உடனே கேளுங்கள்.

6. பாடசாலை தயங்கினால்

மீளத் திறந்த பாடசாலைகளிலும் பல குறைகள் உண்டு. கூரை இல்லாத கட்டடம், போதாத ஆசிரியர்கள், ஒரே அறையில் இரண்டு வகுப்புகள். ஆகவே அதிபர் "எங்களிடம் இதற்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லை" என்று சொன்னால், அதில் உண்மை இருக்கலாம். சண்டை பிடிக்கத் தேவையில்லை. திரும்பி வீட்டுக்கு வந்துவிடவும் தேவையில்லை. "முதலில் பெயரைப் பதியுங்கள், வலயத்தில் நானும் கேட்கிறேன்" என்று சொல்லுங்கள்.

அதன் பிறகும் மறுத்தால், ஒரு கடிதம் எழுதி அதிபரிடம் கொடுங்கள். பிரதி ஒன்றில் கையொப்பமும் திகதியும் வாங்குங்கள். கடிதம் இப்படி அமையலாம்:

"மதிப்பிற்குரிய அதிபர் அவர்களுக்கு,
.......................... கிராமத்தில் மீள்குடியேறியுள்ள எமது பிள்ளை ........................... (வயது ......) தங்கள் பாடசாலையில் கல்வி கற்க அனுமதி வேண்டுகிறோம். பிள்ளைக்கு .............................. சிரமம் உள்ளது. வைத்திய அறிக்கை இணைக்கப்பட்டுள்ளது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்துக்கு அமைய அனுமதி வழங்குமாறும், இயலாதெனில் காரணத்தை எழுத்தில் தருமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.
பிரதி: வலயக் கல்விப் பணிப்பாளர்"

கடிதம் எழுத உதவி தேவையென்றால், பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தர் அல்லது சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் கேளுங்கள். வலயத்தில் முடிவு கிடைக்காவிட்டால் மாகாணக் கல்வித் திணைக்களம், அதன்பின் மனித உரிமைகள் ஆணைக்குழு (தொலைபேசி 1996) என்று போகலாம். மேல் நீதிமன்றத்தில் பரிகாரம் தேடவும் 1996ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது.

7. பாதை, படிக்கட்டு, மலசலகூடம்

பெயர் பதிந்த பிறகும் பிள்ளைகள் இடையில் நின்றுவிடுவதுண்டு. அதற்குப் பாடம் மட்டுமே காரணம் அல்ல. பாடசாலைக்குப் போகும் வழியும் மலசலகூடமும் பல பிள்ளைகளை நிறுத்திவிடுகின்றன.

மிதிவெடி அபாயம். எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லும் எச்சரிக்கை, விசேட தேவையுள்ள பிள்ளைக்கு அப்படியே போய்ச் சேராது. காது கேளாத பிள்ளைக்குத் தூரத்திலிருந்து "நில்!" என்று கத்தினால் கேட்காது. மண்டையோட்டுக் குறியுள்ள சிவப்புப் பலகையிடம் பாதுகாப்பான தூரம்வரை கூட்டிச் சென்று, கையால் சைகை காட்டிப் பழக்குங்கள். விளங்கிக்கொள்ளத் தாமதமாகும் பிள்ளைக்கு ஒருதரம் சொன்னால் போதாது. ஒரே பாதையில், ஒரே ஆளுடன், பல நாள் நடந்து பழக்குங்கள். பார்வையற்ற பிள்ளைக்குப் பாதையின் ஓரத்தைத் தடியால் உணரக் கற்றுக்கொடுங்கள். குறுக்கு வழி யாருக்கும் வேண்டாம். கூடப் போகும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

படிக்கட்டு. வகுப்பறை வாசலில் ஒரு சரிவுப் பாதை போட்டால் சக்கர நாற்காலி ஏறும். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது பொதுவாகக் கொள்ளும் அளவு. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இதைக் கேளுங்கள். ஊர்ச் சிரமதானத்தில் செய்து முடிக்கக்கூடிய வேலை இது.

மலசலகூடம். தனியே போக முடியாத பிள்ளை, பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பார்க்கும். பெண் பிள்ளைகள் வயது வந்ததும் நின்றுவிடுவதற்கு இது ஒரு காரணம். அகலமான கதவு, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, உதவிக்கு நம்பிக்கையான ஒரு பெண் ஆகியவற்றை ஆசிரியருடன் முன்கூட்டியே பேசி ஒழுங்கு செய்யுங்கள்.

உங்கள் புதிய வீட்டுக்கும் இதே கணக்குத்தான். அத்திவாரம் வெட்டுமுன் மேசனிடம் சொன்னால் சரிவுப் பாதைக்கும் மூன்றடிக் கதவுக்கும் பெரிய செலவு இல்லை. கட்டி முடித்தபின் உடைப்பதுதான் செலவு.

8. இன்றே வீட்டில் தொடங்கக்கூடியவை

• புளியங்கொட்டையோ சிப்பியோ வைத்து எண்ணப் பழக்குங்கள். ஐந்துக்குள் நன்றாகப் பழகிய பிறகு பத்துக்குப் போங்கள்.
• சுளகில் அரிசியோ மணலோ பரப்பி, விரலால் எழுத்து எழுத விடுங்கள். பார்வை குறைந்த பிள்ளைக்குக் கயிற்றை எழுத்து வடிவில் ஒட்டித் தடவ விடுங்கள்.
• கேட்டல் குறைந்த பிள்ளையின் முன்னால் குனிந்து, முகத்தில் வெளிச்சம் படும்படி நின்று, குறுகிய வசனங்களில் பேசுங்கள். கத்த வேண்டாம்.
• பென்சில் பிடிக்க முடியாவிட்டால், பழைய சைக்கிள் ரியூப்பையோ துணியையோ சுற்றித் தடிப்பாக்கிக் கொடுங்கள்.
• காலையில் செய்யும் வேலைகளை (எழும்புதல், பல் துலக்கல், உடுப்புப் போடுதல், பையை எடுத்தல்) படமாக வரைந்து சுவரில் ஒட்டுங்கள். குழம்பும் பிள்ளைக்கு அந்த ஒழுங்கு நிம்மதி தரும்.
• ஒரு சிறு வேலையைப் பிள்ளையின் பொறுப்பில் விடுங்கள். செம்பில் தண்ணீர் கொண்டுவருவதும் கல்விதான்.

9. பெற்றோர் கேட்கும் கேள்விகள்

மற்றப் பிள்ளைகள் பட்டப்பெயர் சொல்லிக் கேலி செய்தால்?
நடக்கக்கூடும். முதல் நாளே வகுப்பாசிரியரிடம் சொல்லி, பிள்ளையைப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தச் சொல்லுங்கள். வீட்டில் நாமே "நொண்டி", "செவிடு", "விசர்" என்று கூப்பிட்டால், ஊரும் அப்படித்தான் கூப்பிடும்.

இது முன்வினைப் பயன் என்கிறார்களே?
காய்ச்சல், பிறக்கும்போது மூச்சுத் திணறல், பரம்பரைக் காரணங்கள், வெடிகாயம் என்று மருத்துவம் காட்டும் காரணங்கள் பல. கோவிலுக்கோ தேவாலயத்துக்கோ நேர்த்தி வைப்பது உங்கள் நம்பிக்கை. அதோடு சிகிச்சை நாளையும் பாடசாலை நாளையும் தவறவிடாதீர்கள்.

வறுமைப்பட்ட எங்களுக்கு உதவி உண்டா?
குறைந்த வருமானமுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு அரசாங்க உதவித்தொகை உண்டு. சக்கர நாற்காலி, ஊன்றுகோல், கேட்டல் கருவி போன்றவற்றுக்கும் உதவி கிடைக்கும். தொகையும் நிபந்தனைகளும் காலத்துக்குக் காலம் மாறும். பிரதேச செயலகத்தின் சமூக சேவைப் பிரிவில் விண்ணப்பியுங்கள்.

பரீட்சை எப்படி எழுதுவான்?
பரீட்சைத் திணைக்களம் மேலதிக நேரம், எழுத உதவுபவர், பெரிய எழுத்து அல்லது பிறெயில் வினாத்தாள் போன்ற சலுகைகளை வழங்குகிறது. வைத்திய அறிக்கையுடன், பரீட்சைக்கு வெகு முன்னதாகவே அதிபர் ஊடாக விண்ணப்பிக்க வேண்டும்.

படித்து என்ன வேலை கிடைக்கப்போகிறது?
அரச துறை வெற்றிடங்களில் 3 சதவீதத்தை, தகைமையுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்க வேண்டும் என்ற சுற்றறிக்கை 1988இலேயே வெளியானது. தகைமை இருந்தால்தான் அதைக் கேட்க முடியும். பரீட்சை எழுதாத பிள்ளையும் காசு கணக்குப் பார்க்கவும், பெயர் எழுதவும், தனியாகக் கடைக்குப் போகவும் பழகினால், நாளை நாங்கள் இல்லாத காலத்தில் அது துணையாகும்.

யாராவது பிள்ளைக்குத் துன்பம் கொடுத்தால்?
சொல்லத் தெரியாத பிள்ளையைத் துன்புறுத்துவது சிலருக்கு இலகு. காயம், திடீர்ப் பயம், ஒருவரைக் கண்டதும் ஒளிதல் ஆகியவற்றைக் கவனியுங்கள். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

10. குடும்பமாகப் பேசுங்கள்

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, பிள்ளையையும் அருகில் இருத்தி, இந்தக் கேள்விகளைப் பேசுங்கள். வாசிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்கட்டும்.

அ) எங்கள் பிள்ளைக்கு விருப்பமான மூன்று விடயங்கள் எவை? சிரமமான மூன்று எவை?
ஆ) பிள்ளையைப் பார்த்துக்கொள்வதற்காக வீட்டில் வேறு யாருடைய படிப்பாவது குழம்புகிறதா?
இ) எந்த ஆவணம் கையில் உண்டு, எது இல்லை?
ஈ) பாடசாலைக்குக் கூட்டிச் செல்ல அயலில் யார் உதவலாம்?

இந்த வாரம் செய்து முடிக்க:

☐ குடும்பநல உத்தியோகத்தரைச் சந்தித்தோம்
☐ கிராம அலுவலரிடம் பிள்ளையின் விபரத்தைப் பதிந்தோம்
☐ ஆவணங்களை ஒரு பையில் போட்டு, மழை படாத இடத்தில் வைத்தோம்
☐ அதிபரைச் சந்திக்கும் நாள்: ..........................

நான்காவது வரியை வெறுமையாக விடாதீர்கள். அந்த நாளை இன்றைக்கே எழுதுங்கள். கூரைக்குத் தகரம் எப்போது வரும் என்பது உங்கள் கையில் இல்லை. அதிபரைச் சந்திக்கும் நாளை நீங்களே குறிக்கலாம்.